கே.பி.-1: குளோரின் கரைப்பான்களை எத்திலீன்வரை உடைக்கும் நுண்ணுயிர்க் கலவை – ஒரு மதிப்புரை

உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிய தொழிற்சாலைகளும் உலர்சலவைக் கடைகளும் பல பத்தாண்டுகளாக மண்ணில் விட்டுச்சென்ற குளோரின் கரைப்பான்களை, நிலத்தைத் தோண்டாமல், நீர் இருக்கும் ஆழத்திலேயே உடைக்கும் நுண்ணுயிர்க் கலவை ஒன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள குவெல்ஃப் நகரிலிருந்து விற்பனைக்கு வருகிறது. அதன் பெயர் கே.பி.-1. சைரெம் என்ற நிறுவனம் 2002 முதல் அதை வளர்த்து விற்றுவருகிறது. இதுவரை நூற்றுக்கணக்கான இடங்களில் அது நிலத்துக்குள் செலுத்தப்பட்டிருக்கிறது. நிலத்தடி நீர்த் தூய்மைப் பணியில் இருக்கும் பொறியாளர்களுக்கும், தங்கள் நிலத்தின் அடியில் இந்த மாசு இருப்பதாக அறிக்கை வந்தபின் எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்கும் உரிமையாளர்களுக்கும் உதவும் என்று எண்ணி இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் துறையில் சொன்ன வேலையைச் செய்துகாட்டிய பொருள்களில் இது முன்வரிசையில் இருக்கிறது. ஆனால், அதன் வேலையை, நஞ்சு எத்திலீனாக மாறி முடிந்ததா என்ற கடைசிப் படியில் மட்டுமே அளக்க வேண்டும்; முதல் படியில் அளப்பவர்கள் தங்களையும் ஏமாற்றிக்கொண்டு, அந்த நீரைக் குடிப்பவர்களையும் ஏமாற்றுகிறார்கள்.

இந்த மாசு ஏன் இவ்வளவு பிடிவாதமானது என்பது புரிந்தால்தான் பொருளின் அருமை புரியும். தொழிற்சாலைகள் மிகுதியாகப் பயன்படுத்திய டிரைகுளோரோஎத்திலீன், சுருக்கமாக டி.சி.இ., தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. பெட்ரோல் கசிந்தால் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும், டி.சி.இ. கசிந்தாலோ நீர்மட்டத்தைக் கடந்து, களிமண் அடுக்கோ பாறையோ தடுக்கும்வரை இறங்கி, அங்கே குட்டைகளாகத் தங்கிவிடும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஓடும் நிலத்தடி நீரில் ஆண்டுக்கணக்கில் கலந்துகொண்டே இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீரில் அதற்கு விதித்துள்ள வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே ஒரு லிட்டர் டி.சி.இ. முழுவதும் கரைந்தால் சுமார் 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புவரை கெடுக்கப் போதுமானது. நீரை மேலே இறைத்துச் சுத்திகரிக்கும் பழைய முறை, மாசு பரவாமல் தடுப்பதில் பயனுள்ளதுதான்; ஆனால் குட்டையாகத் தங்கியதும் களிமண்ணுக்குள் ஊறியதும் கரைந்து தீரும்வரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், பம்புகள் பல பத்தாண்டுகள் ஓடியும் வேலை முடியாத இடங்கள் ஏராளம்.

ஆக்சிஜன் இல்லாத நிலத்தடியில் சில பாக்டீரியாக்கள் இந்தக் கரைப்பானைச் சுவாசிக்கின்றன என்பதே மாற்று வழிக்கு அடிப்படை. நாம் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இடத்தில் அவை குளோரின் சேர்ந்த மூலக்கூற்றைப் பயன்படுத்துகின்றன. ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானை எடுத்து, கரைப்பானின் ஒரு குளோரின் அணுவை நீக்கி, அந்த இடத்தில் ஹைட்ரஜன் அணுவை வைக்கின்றன. உலர்சலவைக் கடைகளின் பெர்குளோரோஎத்திலீனில் நான்கு குளோரின்; ஒன்று போனால் டி.சி.இ.; இன்னொன்று போனால் சிஸ்-டைகுளோரோஎத்திலீன்; அடுத்தது வினைல் குளோரைடு; கடைசிக் குளோரினும் போனபின் மிஞ்சுவது எத்திலீன், அதாவது பழங்களைப் பழுக்கவைக்கும் அதே வாயு. முதல் இரண்டு படிகளைச் செய்யக்கூடிய பாக்டீரியாக்கள் பலவகை உண்டு. அதற்கப்பால், வினைல் குளோரைடைச் சுவாசித்து வளர்ந்து எத்திலீன் ஆக்குபவை டிஹேலோகாக்காய்டிஸ் என்ற பேரினத்தில்தான் நன்றாக அறியப்பட்டிருக்கின்றன; அந்தப் பேரினத்திலும் எல்லா வகைகளுக்கும் அந்தத் திறமை இல்லை. பல இடங்களில் உள்ளூர் நுண்ணுயிர்கள் பாதி வழியில் நின்றுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வினைல் குளோரைடோடு நின்றால் நிலைமை முன்னைவிட மோசம். டி.சி.இ.யும் வினைல் குளோரைடும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஆனால் வினைல் குளோரைடுக்கு அமெரிக்கக் குடிநீர் வரம்பு 5 அல்ல, 2 மைக்ரோகிராம். அது எளிதில் ஆவியாகி, மண்ணின் வழியாக மேலே உள்ள வீடுகளுக்குள்ளும் ஏறக்கூடியது.

டிஹேலோகாக்காய்டிஸை முதன்முதலில் தனியாகப் பிரித்தெடுத்த செய்தி 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றிலிருந்து தொடங்கி வளர்த்த கலவையில் கிடைத்த 195 என்ற அந்த வகை, பெர்குளோரோஎத்திலீனை எத்திலீன்வரை கொண்டுசென்றது. ஆனால் வினைல் குளோரைடுப் படியில் அது வளராமல், மிக மெதுவாகவே இயங்கியது. பின்னர் இந்த இனத்துக்கு, இத்துறைக்கு வழிகாட்டிய பெரி மெக்கார்டியைச் சிறப்பிக்கும் வகையில் ‘மெக்கார்டியி’ என்று பெயரிட்டார்கள். கே.பி.-1 வேறு வழியில் வந்தது. தெற்கு ஒன்டாரியோவில் டி.சி.இ. கலந்த ஓர் இடத்தின் மண்ணையும் நீரையும் எடுத்து, டொராண்டோ பல்கலைக்கழகத்தில் எலிசபெத் எட்வர்ட்ஸின் ஆய்வகம் அந்தக் கரைப்பானையே உணவாகக் கொடுத்து ஆண்டுக்கணக்கில் வளர்த்தெடுத்த கூட்டம் அது. மரபணு மாற்றம் எதுவும் இல்லை. நஞ்சில் பிழைத்திருந்த உயிர்களுள் அந்த நஞ்சைத் தின்னத் தெரிந்தவற்றை மட்டும் பெருக வைத்ததே அதன் தயாரிப்பு.

கே.பி.-1 தனி ஓர் இனம் அல்ல, ஒரு கூட்டம் என்பதை வாங்குபவர் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். அதன் பலமும் அதுதான். டிஹேலோகாக்காய்டிஸ் மிகச் சிறிய மரபணுத் தொகுதி உடையது. குளோரின், புரோமின் போன்றவை சேர்ந்த சேர்மங்களைத் தவிர வேறெதையும் சுவாசிக்கத் தெரியாதது. தன் நொதிக்கு இன்றியமையாத வைட்டமின் பி-12 வகைப் பொருளைக்கூடத் தானாகச் செய்துகொள்ள அதனால் இயலாது. அதை அருகில் வாழும் பிற பாக்டீரியாக்கள் தருகின்றன. உணவாகச் செலுத்தும் எண்ணெயையோ லாக்டேட் என்ற பால் அமில உப்பையோ நொதிக்கவைத்து ஹைட்ரஜனும் அசிட்டேட்டும் தருபவை சில. பெர்குளோரோஎத்திலீனைச் சிஸ்-டைகுளோரோஎத்திலீன்வரை விரைவாக இறக்கிக்கொடுக்கும் ஜியோபாக்டர் வகை ஒன்று. மீத்தேன் உண்டாக்குபவை சில. தனி இனத்தைத் தூய்மையாக வளர்த்து ஊற்றினால் களத்தில் அது திணறும். கூட்டமாக வருவதால்தான் அது புதிய இடத்தில் காலூன்றுகிறது.

நம்பிக்கை தந்த களச் சான்று, டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் இருந்த கெல்லி விமானப்படைத் தளத்தில் நடந்த சோதனை. அதன் முடிவுகள் 2002-இல் வெளியாயின. அங்கே முதலில் பாக்டீரியா எதையும் சேர்க்காமல், உணவாக மெத்தனாலும் அசிட்டேட்டும் மட்டும் கலந்து நிலத்தடி நீரைச் சுழலவிட்டார்கள். உள்ளூர் உயிர்கள் சிஸ்-டைகுளோரோஎத்திலீன்வரை கொண்டுபோய் நிறுத்திக்கொண்டன. பிறகு ஒரே ஒரு முறை 13 லிட்டர் கே.பி.-1 செலுத்தப்பட்டது. 200 நாட்களுக்குள் பெர்குளோரோஎத்திலீன், டி.சி.இ., சிஸ்-டைகுளோரோஎத்திலீன் மூன்றுமே லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கின. அவை குறைந்ததற்கு ஈடாக எத்திலீன் தோன்றியது. செலுத்திய கலவையின் மரபணு அடையாளத்தைத் தேடிப் பார்த்தபோது, 115 நாட்களில் 30 அடி நீளமுள்ள அந்தச் சோதனைப் பகுதி முழுவதும் அது பரவியிருந்தது. முன்னும் பின்னும் ஒரே இடத்தில், ஒரே உணவோடு, பாக்டீரியாவைச் சேர்த்தது மட்டுமே வேறுபாடாக இருந்த சோதனை என்பதால் இதற்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன். இதற்கு முன்பே டெலவேரின் டோவர் விமானப்படைத் தளத்தில், ஃபுளோரிடாவின் பினெல்லஸ் பகுதியிலிருந்து எடுத்து வளர்த்த வேறொரு கலவையைச் செலுத்தி இதே வகையான முடிவைக் காட்டியிருந்தார்கள். விற்பனையாளர்களின் விளம்பரத் தாளில் வரும் வரைபடங்களைவிட இத்தகைய சோதனைகளையே வாங்குபவர்கள் கேட்டுப் படிக்க வேண்டும்.

பொருள் களத்துக்கு வரும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வெற்றி அந்த ஒரு நாளின் ஒழுங்கில் இருக்கிறது. கலவை துருப்பிடிக்காத எஃகுக் கலனில், காற்று புகாதபடி அடைக்கப்பட்டு வருகிறது. கலனின் தலையில் இரண்டு இணைப்புகள்: ஒன்றின் வழியாக நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுவின் அழுத்தம் உள்ளே போகும், மற்றொன்றின் வழியாகக் கலங்கிய திரவம் வெளியே வரும். குழாயைக் கிணற்றுக்குள் இறக்குவதற்கு முன் அந்த வாயுவையே அதன் வழியாக ஓடவிட்டு, உள்ளிருக்கும் காற்றை முழுவதும் துரத்திவிட வேண்டும். ஆக்சிஜன் பட்டால் டிஹேலோகாக்காய்டிஸ் செத்துப்போகும். பிறகு அதை எழுப்ப வழியில்லை. ஒரு கிணற்றுக்குச் சில லிட்டர்களே செல்கின்றன. வேலை சிறிது நேரத்தில் முடிந்துவிடுகிறது. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். அந்தச் சில லிட்டருக்கு முன்னும் பின்னும் செலுத்தும் நீரும் ஆக்சிஜன் அற்றதாக இருக்க வேண்டும் என்பதைத்தான் பல களக் குழுக்கள் மறந்துவிடுகின்றன. குழாய்நீரை அப்படியே ஊற்றினால் அதில் கரைந்த ஆக்சிஜனோடு கிருமிநாசினிக் குளோரினும் உள்ளே போகிறது. இதற்கென்றே சைரெம், நீரிலிருந்து ஆக்சிஜனை நீக்கும் தூள் ஒன்றையும் விற்கிறது. தனியாகச் செலவாகும், ஆனாலும் அதைத் தவிர்த்து மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

பாலில் உறை ஊற்றுவது போலத்தான் இதுவும்: உறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாலின் பதம் சரியில்லை என்றால் தயிர் தோயாது. நிலத்தடி நீரின் பி.எச். அளவு 6-க்கும் 8-க்கும் இடையில் இருக்க வேண்டும். 6-க்குக் கீழே போனால் வினைல் குளோரைடுப் படிதான் முதலில் தடுமாறுகிறது. சிக்கல் என்னவென்றால், பாக்டீரியாவுக்கு உணவாகச் செலுத்தும் லாக்டேட்டும் சோயா எண்ணெய்ப் பால்மமும் நொதிக்கும்போது அமிலம் உண்டாகிறது. குளோரின் விலகும்போதும் அமிலம் சேர்கிறது. சுண்ணாம்புச் சத்து நிறைந்த மண் இதைத் தாங்கிக்கொள்ளும். மணலும் கருங்கல்லும் நிறைந்த இடத்தில் தாங்காது. காரப்பொருள் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். உணவை முதலில் செலுத்தி, சில வாரங்களோ மாதங்களோ காத்திருந்து, ஆக்சிஜனும் நைட்ரேட்டும் தீர்ந்து, இரும்பு கரையத் தொடங்கியதை அளந்து உறுதிசெய்தபின் பாக்டீரியாவைச் சேர்ப்பதே முறை. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டால் துளையிடும் வண்டியின் வாடகை ஒரு முறைதான் என்று கணக்குப் பார்ப்பவர்கள், உயிருள்ள பொருளைக் காசு கொடுத்து வாங்கிக் கொன்றுவிடும் அபாயத்தை ஏற்கிறார்கள்.

இப்போது அளவீட்டுக்கு வருகிறேன். இந்த மதிப்புரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஆய்வக அறிக்கைகள் எல்லாமே லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற எடைக் கணக்கில் வருகின்றன. டி.சி.இ.யின் மூலக்கூறு எடை 131, சிஸ்-டைகுளோரோஎத்திலீனுக்கு 97, வினைல் குளோரைடுக்கு 62.5. ஆகவே 1,000 மைக்ரோகிராம் டி.சி.இ. முழுவதும் அடுத்த படிக்கு மாறினால் 738 மைக்ரோகிராம் ஆகிறது; வினைல் குளோரைடாக மாறினால் 476 மைக்ரோகிராம். ஒரு மூலக்கூறுகூட அழியவில்லை; நஞ்சு கூடியிருக்கிறது; ஆனால் அறிக்கையில் மொத்தக் கரைப்பான் பாதிக்கு மேல் குறைந்ததாகத் தெரியும். நான் பார்த்த ஓர் இடத்தின் அறிக்கையில் டி.சி.இ. குறைந்ததைப் பெரிய நீலக் கோடாக வரைந்து முதல் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வினைல் குளோரைடு ஒவ்வொரு காலாண்டும் ஏறிவந்தது பின்னிணைப்பு அட்டவணையில் கிடந்தது. எத்திலீனை அளக்கவே இல்லை. அந்த இடத்திலிருந்து நிலத்தடி நீர் ஓடும் திசையில் வீடுகள் இருந்தன. அந்த அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. எல்லா எண்களையும் மோல் கணக்குக்கு, அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கைக் கணக்குக்கு மாற்றி, எத்திலீனையும் அது மேலும் மாறினால் உண்டாகும் ஈத்தேனையும் சேர்த்து ஒரே தாளில் வரையாத எந்த அறிக்கையையும் ஏற்காதீர்கள். கே.பி.-1 வாங்கும் ஒப்பந்தத்திலேயே இதை ஒரு நிபந்தனையாக எழுதிக்கொள்ளலாம்.

கூடவே மரபணுச் சோதனையும் வேண்டும். வினைல் குளோரைடை உடைக்கும் நொதியைத் தரும் வி.சி.ஆர்.ஏ. என்ற மரபணு கே.பி.-1-இல் இருக்கிறது. கிணற்று நீரை வடிகட்டி, அந்த மரபணுவின் பிரதிகளை எண்ணிச் சொல்லும் ஜீன்-ட்ராக் என்ற சேவையைச் சைரெம் நிறுவனமே தருகிறது. வேறு ஆய்வகங்களும் செய்கின்றன. டிஹேலோகாக்காய்டிஸின் மரபணுப் பிரதிகள் லிட்டருக்கு ஒரு கோடி என்ற அளவை எட்டினால் எத்திலீன் நல்ல வேகத்தில் உண்டாகும் என்பது துறையில் பரவலாகக் கைக்கொள்ளும் அளவுகோல். பொருளை வாங்கும் முன்னரே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் நிலத்திலேயே அந்த மரபணு போதிய எண்ணிக்கையில் இருந்தால், உணவு மட்டும் போதும், கே.பி.-1 வாங்கத் தேவையே இல்லாமல் போகலாம். விற்கும் நிறுவனமே இந்தச் சோதனையையும் செய்துகொடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது என்று நினைப்பவர்கள், மாதிரியை வேறொரு ஆய்வகத்துக்கும் அனுப்பி ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிலத்தடியை ஆக்சிஜன் அற்றதாக மாற்றும்போது மண்ணில் பிடித்திருந்த இரும்பும் மாங்கனீசும் நீரில் கரைகின்றன. ஆர்செனிக் இருக்கும் மண்ணில் அதுவும் கரையக்கூடும். மாசுப் பகுதியைக் கடந்து ஆக்சிஜன் உள்ள இடத்துக்குச் சென்றதும் இவை பெரும்பாலும் மீண்டும் படிந்துவிடுகின்றன என்றாலும், அருகில் குடிநீர்க் கிணறு இருந்தால் அந்த நம்பிக்கை போதாது. அளந்து பார்த்தே தீர வேண்டும். உணவை அளவுக்கு மீறி ஊட்டினால் மீத்தேன் பெருகுகிறது. கட்டடங்களுக்கு அடியில் அது ஆபத்து. செலுத்தும் கிணறுகளின் சல்லடைத் துளைகளில் உயிர்ப்படலம் வளர்ந்து அடைத்துக்கொள்வதும் வழக்கமாக வரும் தொல்லை. நீரில் சல்பேட் மிகுந்திருந்தால் ஹைட்ரஜனில் பெரும்பங்கை வேறு பாக்டீரியாக்கள் எடுத்துக்கொள்ளும். உணவுச் செலவு கூடும். இவை எதுவும் கே.பி.-1-க்கு மட்டும் உரிய குறைகள் அல்ல, இந்த முறைக்கே உரியவை.

சந்தையில் இதற்குப் போட்டி உண்டு. எஸ்.டி.சி.-9 என்ற கலவையும், ரெஜெனிசிஸ் நிறுவனத்தின் பி.டி.ஐ. கலவையும் இதே டிஹேலோகாக்காய்டிஸை அடிப்படையாகக் கொண்டவை. இரண்டும் களத்தில் பயன்படுத்தப்பட்டு வருகின்றன. சரியாகத் தயாரான நிலத்தில் இவற்றுக்கிடையே பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கே.பி.-1-ஐ நான் முன்னே வைப்பதற்குக் காரணம், அதைப் பற்றிப் பல்கலைக்கழக ஆய்வுகள் தொடர்ந்து வெளிவந்திருப்பதும், கலவைக்குள் எந்த நுண்ணுயிர் என்ன செய்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிந்திருப்பதும்தான். பெர்மாங்கனேட் போன்ற ஆக்சிஜனேற்றிகளை ஊற்றும் முறை விரைவானது. ஆனால் அது தொட்ட மூலக்கூற்றை மட்டுமே அழிக்கும், தீர்ந்துவிட்டால் களிமண்ணுக்குள் ஊறியிருந்த கரைப்பான் மெல்ல வெளியே வந்து அளவை மறுபடி உயர்த்திவிடும். பாக்டீரியாவோ உணவு இருக்கும்வரை அங்கேயே தங்கி, வெளியே வர வர உடைத்துக்கொண்டிருக்கும். காத்திருக்க முடியாதவர்களுக்கு இது ஏற்றதல்ல. சில மாதங்களில் நிலத்தை விற்றுவிட வேண்டும் என்பவர் வேறு வழியைத்தான் பார்க்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, துளையிடுதல், உணவுப்பொருள், பல ஆண்டுக் கண்காணிப்பு ஆகியவற்றோடு ஒப்பிட்டால் கலவையின் விலை மொத்தத்தில் சிறு பங்குதான். அதனால்தான் சோதனை எதுவும் செய்யாமல், இருக்கட்டும் என்று சேர்த்துவிடும் வழக்கமும் பரவியிருக்கிறது. விலை சிறியது என்பதற்காகக் கண்ணாடிக் குடுவைச் சோதனையைத் தவிர்ப்பதை நான் ஆதரிக்கவில்லை. அந்த இடத்தின் மண்ணையும் நீரையும் குடுவைகளில் அடைத்து, ஒன்றில் எதுவும் சேர்க்காமல், ஒன்றில் உணவு மட்டும், ஒன்றில் உணவோடு கே.பி.-1 என்று சில மாதங்கள் வைத்துப் பார்த்தால், எத்திலீன் எதில் வருகிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். தடுக்கும் பொருள் ஏதேனும் நீரில் கலந்திருந்தாலும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

தடுக்கும் பொருள்களில் முக்கியமானவை குளோரோஃபார்மும், 1,1,1-டிரைகுளோரோஈத்தேன் என்ற மற்றொரு தொழிற்சாலைக் கரைப்பானும். இவை இருக்கும் நீரில் டிஹேலோகாக்காய்டிஸ் முடங்கிவிடுகிறது. இவற்றை உடைக்கத் தெரிந்த டிஹேலோபாக்டர் வகைகளைச் சேர்த்துச் சைரெம் கே.பி.-1 பிளஸ் என்ற பெயரில் விற்கிறது. இத்தகைய கலப்பு மாசு உள்ள இடங்களுக்கு அதையே கேட்டு வாங்க வேண்டும். 1,1,1-டிரைகுளோரோஈத்தேன் கொட்டப்பட்ட இடங்களில் இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். அந்தக் கரைப்பான் கெடாமல் இருப்பதற்காக அதில் 1,4-டையாக்சேன் என்ற பொருளைக் கலந்திருந்தார்கள். அது நீரில் முழுமையாகக் கரைந்து வெகுதூரம் ஓடக்கூடியது, கே.பி.-1 அதைத் தொடாது. அதை உடைப்பதாக நன்கு அறியப்பட்ட பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் உள்ள இடத்தில் வேலை செய்பவை என்பதால், ஒரே நிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி இடமும் தனித்தனித் திட்டமும் வேண்டியிருக்கும். ஆகவே முதல் நீர் மாதிரியை எடுக்கும் நாளிலேயே 1,4-டையாக்சேனையும் சோதனைப் பட்டியலில் சேர்க்கும்படி ஆய்வகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.